பாலாற்று மணலில் பறந்த பட்டு விமானம்

இப்போதெல்லாம் கல்யாண வீட்டில்கூட ஆளில்லா விமானம் ஒன்று தலைக்கு மேல் ரீங்காரமிட்டு வந்து படம் பிடிக்கிறது. அது சோற்றில் விழுந்துவிடுமோ என்று நான் இலையைக் கையால் மூடிக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முதல் ஆளில்லா விமானத்தை நான் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. ஓரிக்கைப் பக்கம், பாலாற்று மணலில் அது பறந்தது. செய்தவர் என் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு வடக்கே எங்கோ ஒரு பொட்டல்வெளியில் வேலை. ரயிலை விட்டு இறங்கி ஒரு பகல் முழுக்க லாரியில் போகவேண்டும். புது விமானங்களையும் ராக்கெட்டுகளையும் அங்கேதான் விட்டுப் பார்ப்பார்கள். அவை விழுந்த இடத்துக்குப் போய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவது சித்தப்பாவின் பொறுப்பு. எங்கள் வீட்டில் மொத்தம் பதினோரு பேர். தறியில் உட்காராமல் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அந்த முறை லீவில் வந்தவர், கிளம்பும் நாள் நெருங்கியும் பெட்டியைத் தொடவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது பெரியப்பா ஆரம்பித்தார். வீட்டில் அவர் பேச்சுதான் சட்டம்.

"குப்பை பொறுக்கவா அவ்ளோ தூரம் போற? இங்க ஒரு தறி காலியா கிடக்குது."

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "குப்பை இல்லண்ணா. அதப் பாத்துப் பாத்து ஒரு விமானத்த நானே செய்வேன், தெரியுமா?"

"அப்ப செஞ்சு காட்டுடா. ஆத்துல நான் ஒரு கொடி நடறேன். அதத் தாண்டிப் போச்சுன்னா நீ வேலைக்குப் போ. தாண்டலன்னா தறியில உக்காரு. அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

அன்றிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடமே கசந்துவிட்டது. சித்தப்பா மூங்கிலைச் சீவிச் சீவி என் கை நீளத்துக்கு இரண்டு இறக்கைகள் கட்டினார். பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டி முடிச்சுப் போட்டார். மணலில் இரண்டு முளை அடித்து அந்த ரப்பரைக் கட்டி, விமானத்தை அதில் வைத்து இழுத்துவிட்டால் பாய்ந்து போகும். அங்கேயும் சிலவற்றை இப்படித்தான் ஏவுவார்களாம். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணும் வேலை எனக்குக் கிடைத்தது. குளிக்கும்போதும் எண்ணினேன்.

"ஏன்டா தலைகீழா எண்ணிக்கினு கிடக்கிற? ஜுரமா?" என்று பெரியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இறக்கையில் ஒட்டிய காகிதம், பறக்கவிடுவதற்கு முந்தின நாள் கிழிந்துபோயிற்று. மெல்லிய துணி வேண்டும் என்று சித்தப்பா சொல்ல, பெரியம்மா தறியில் மிஞ்சிய பட்டுத் துண்டு ஒன்றை எடுத்துத் தானே ஒட்டிவைத்தாள். மறுநாள் காலை ஆற்றில் போர்வையைப் பிரித்த சித்தப்பா திகைத்து நின்றார். இடது இறக்கையில் நாலு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை தகதகவென்று மின்னியது. வலது இறக்கை வெறும் பட்டு.

"அண்ணி, கரை எதுக்கு? ஜரிகை கனமாச்சே! ஒரு பக்கமா சாய்க்கும்."

"நல்ல காரியத்துக்குக் கரை இல்லாத துணி போடுவாங்களாப்பா? துண்டுல ஒரு பக்கம்தான் கரை இருந்துது. நான் என்ன பண்ண?"

அதைப் பிய்த்தால் பட்டும் கிழியும். தெருவே திரண்டு வந்து மணலில் நின்றது. சித்தப்பா ஊற்றுக்குழியில் கைவிட்டு ஈரக் களிமண்ணை அள்ளி, வலது இறக்கை நுனியில் அப்பினார். விரல்மேல் நிறுத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாக நின்றது.

பெரியப்பா இருநூறு அடி நடந்து போய்க் கொடி நட்டார். நானும் கூடவே போய் எண்ணினேன். என் சின்னக் கால் கணக்கில் முந்நூற்றுப் பதினொன்று.

பெரியப்பா திரும்பி வந்து, குடையை விரித்து எல்லாருக்கும் பின்னால் நின்றுகொண்டார். நான் ஓடிவந்து, தொண்டை கிழிய எண்ணினேன். பூஜ்யம் என்றதும் சித்தப்பா கையை விட்டார்.

விர்ரென்று கிளம்பியது! வெயிலில் பட்டும் ஜரிகையும் பளபளக்க, அம்பு மாதிரி கொடியைப் பார்த்துப் போயிற்று. நான் குதித்தேன். ஊரே குதித்தது. பாதித் தூரம் தாண்டியதும் களிமண் உதிர்ந்தது. விமானம் இடப்பக்கம் சாய்ந்தது, வட்டமடித்தது, கொடியைத் தொடாமல் எங்களை நோக்கியே திரும்பி வந்தது. "ஐயோ, வருதுடா!" என்று பெரியப்பாவைத் தவிர அத்தனை பேரும் மணலில் குப்புற விழுந்தார்கள். எங்கள் முதுகுக்கு மேலே சரேலென்று போய், பெரியப்பாவின் குடையில் மோதி அவர் காலடியில் இறங்கியது.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளினார்.

"திரும்பி வந்துச்சுடா! ஆளே இல்லாம வூட்டுக்காரன அடையாளம் கண்டு வந்துச்சு!"

"கொடியத் தாண்டலையேண்ணா," என்றார் சித்தப்பா.

"அட போடா, கொடியாம்! நேரா போறதுக்குக் கல்லே போதுமே!"

"மண்ணு உதிர்ந்துச்சுண்ணா. அதான் திரும்பிச்சு. தப்பாப் போச்சு."

"எவ்ளோ அடக்கம் பாருங்க," என்றாள் பெரியம்மா. அவளுக்குத் தான் வைத்த கரைமேல்தான் கண்.

"பேசினா பேசினபடி நடக்கணும்ணா. நான் தறியிலயே உக்காந்துடறேன்."

"இது தறியில உக்கார்ற கையாடா?" பெரியப்பா அந்தக் கையைப் பிடித்து உயர்த்தி ஊருக்கே காட்டினார். "நாளைக்கே ரயில் ஏறு. நானே வந்து ஏத்தி விடறேன்."

மூன்று முறை சொல்லிப் பார்த்தார் சித்தப்பா. ஜெயித்த மனிதர் தோற்றேன் தோற்றேன் என்று வாதாடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. திரும்பும் வழியில் எல்லாரும் விமானத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட, நானும் அவரும் பின்தங்கி நடந்தோம்.

"அங்கயும் இப்படித் திரும்பி வருமா சித்தப்பா?"

"வரும்."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஓடிப்போய்ப் பள்ளத்துல படுத்துக்குவோம். எல்லாராலயும் ஓட முடியாது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கால்சட்டை போட்ட பெரிய மனிதர்கள் எங்களைப் போலவே குப்புற விழுவார்களா! திங்கட்கிழமை வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் படுத்து அதை நடித்தே காட்டினேன். அதற்குள் சித்தப்பாவின் ரயில் பாதி இந்தியாவைக் கடந்திருக்கும். அன்று ஆற்றிலிருந்து வீடு வரைக்கும் அவர் என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார். மணல் சுடுகிறதே, பையன் ஓடிவிடப்போகிறான் என்று பிடித்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.