சித்தியைப் பார்க்க வந்த வில்லன்

1991-இல் எனக்கு ஒன்பது வயது. மண்ணூரில் எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தாள். எந்தக் கதையிலும் ஆண்கள் மூன்று வகைதான் என்பது அவள் கண்டுபிடிப்பு.

"தோ பாரு, வில்லன் வந்தவொடனே சிரிப்பான். மோதிரத்த திருகிக்கினே பேசுவான். காமெடியன் தின்னுகினே இருப்பான். ஹீரோ வாயே தொறக்க மாட்டான்" என்பாள்.

அந்த ஆனியில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் மூன்று குடும்பங்கள் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனதோடு சரி, பதிலே இல்லை. பெண் உயரம் அதிகமாம். அதனால் அம்மா காலையிலிருந்தே யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னைச் சுவரோரம் உட்காரவைத்து, வாய்மேல் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். செருப்பைக் கழற்றும்போதே சிரித்தார். உட்கார்ந்ததும் மோதிரத்தைத் திருக ஆரம்பித்தார். பக்கத்தில் அவருடைய அப்பா ஆறாவது பஜ்ஜியில் இருந்தார். வாசலில் வேன் டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தார். சித்தியோ ஒன்றும் அறியாதவளாகக் காபித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

"சித்தி, குடுக்காத! அவருதான் வில்லன்!" என்று கத்தினேன். "அந்தத் தாத்தா காமெடியன். ஹீரோ வெளிய நிக்கிறாரு!"

பஜ்ஜி பாதி வழியில் நின்றது. டிரைவர் வேனுக்குப் பின்னால் போய் மறைந்தார். என் அப்பா எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மின்விசிறியை இன்னும் வேகமாக வைத்தார். அம்மா தொடையைக் கிள்ளியதில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மாப்பிள்ளை மட்டும் நிதானமாக என்னைக் கேட்டார். "வில்லன கடைசில இன்னா பண்ணுவாங்க?"

"போலீஸ் புடிச்சிகினு போவும்."

"அதுவரிக்கும் கதையில இருக்கலாமில்ல?"

சித்தி சிரித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்கள் சிரிக்கும் சிரிப்பல்ல அது. தட்டில் தம்ளர்கள் குலுங்கின. நாலாவது வரனும் போயிற்று என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

போகவில்லை. "எனக்குப் புடிச்சிருக்கு" என்று மாப்பிள்ளை அங்கேயே சொல்லிவிட்டார். சித்தியும் தலையாட்டினாள்.

வேன் கிளம்பிப் போன பிறகும் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. வில்லன் திரும்பி வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள் போலும் என நினைத்து, அவள் கையை இறுகப் பிடித்தபடி நானும் காவலுக்கு நின்றேன்.