கழுவிய எண்ணெய்

நான்கு வயதில் ஜெயந்தினி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான தங்கள் லயத்துக் காம்பிராவில் இருந்த ஒரே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டாள். அம்மா கை ஓங்கியபோது குறுக்கே வந்து நின்றவள் அக்கா சண்முகவடிவு. அவளுக்கு அப்போது பதினாறு. கீழே கிடந்த பல்சக்கரங்களையும் ஆணிகளையும் பொறுக்கி, ஒரு சாப்பாட்டுத் தட்டில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கி, "எல்லாம் இருக்கும்மா, ஒன்னும் தொலையல" என்று காட்டினாள். கடிகாரம் அதன் பிறகு ஓடவே இல்லை. ஆனாலும் எதுவும் தொலையவில்லை என்பதை வடிவு இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள்.

வடிவு ஏழாம் வகுப்போடு நின்றவள். லிந்துலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலை பெக்டரியில் வேலை. காய்ந்த தூளில் கிடக்கும் குச்சியையும் நாரையும் பொறுக்குவாள். அவள் பொறுக்கிய தட்டில் பெக்டரிப் பொறுப்பாளரான டீ மேக்கர் கையை விட்டுக் கிளறினாலும் ஒரு குச்சி அகப்படாது. தூளைத் தொடுவதற்கு முன் கையைச் சவர்க்காரத்தாலும் தட்டையும் மேசையையும் கொதித்த தண்ணீராலும் கழுவ வேண்டும் என்பது பெக்டரிச் சட்டம். வடிவு அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். அவள் வீட்டில் கழுவாத பாத்திரம் என்று ஒன்றும் கிடையாது. கழுவியதையும் இன்னொரு தரம் கழுவுவாள்.

தங்கச்சி அப்படியே நேர்மாறு. அவள் நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். சாதாரண தரப் பரீட்சை முடித்து, ஹட்டனில் மோட்டார் மெக்கானிக் பயிற்சிக்குப் போனாள். பதினெட்டுப் பேர் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சான்றிதழோடு வந்து மூன்று கராஜ்களில் கேட்டாள். மூன்று இடத்திலும் மரியாதையாக உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்து, அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடமாக லயத்து ஆட்களின் மருந்தடிக்கிற மெசினையும் ரேடியோவையும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் துணிக்கடையில் வேலை இருக்கிறது, ஆனி கடைசிக்குள் வந்தால் போதும் என்று பிரியந்திச் சித்தி போன் மேல் போன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம்தான், இரண்டாயிரத்து இருபத்திரண்டில், நாடு முழுக்க டீசல் இல்லாமல் போனது. பெட்ரோல் செட்டில் வரிசை ரோட்டு வளைவைத் தாண்டி நின்றது. லிந்துலை பஜாரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் லாபிர் நானாவின் லேண்ட்மாஸ்டரும் கடைக்குப் பின்னால் படங்கு மூடிக் கிடந்தது. இரண்டு சக்கரத் தலையும் பின்னால் பெட்டியும் உள்ள அந்த மெசின்தான் டயகம பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அவருக்கு உருளைக்கிழங்கும் லீக்ஸும் கொண்டு வருவது. ஒரு தரம் அது நடுரோட்டில் நின்றபோது ஜெயந்தினிதான் டீசல் குழாயில் காற்றை எடுத்து ஓடவைத்தாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் மேல் கொஞ்சம் நம்பிக்கை.

"நானா, ஆமணக்கெண்ணெய டீசலோட கலந்து ஓட்டலாம். சும்மா ஊத்துறதில்ல. மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் போட்டு மாத்தணும். எங்க பாடத்துல வந்துச்சு" என்றாள், அக்காவோடு கடைக்குப் போயிருந்த ஜெயந்தினி.

லாபிர் நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "புள்ள, எனக்கு இந்த மெசின் ஒண்டுதான் ஈக்குது. இது செத்தா நானும் கடைய மூட வேண்டியதுதான்."

"தெரியும் நானா."

அவர் வடிவைப் பார்த்தார். வடிவு கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எந் தங்கச்சி செஞ்சா சரியா இருக்கும் நானா. நான் சொல்றேன்."

"சரி. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை டயகமவுக்குப் போய் லோட் ஏத்திட்டு வருவோம். எஞ்சினுக்கு ஒண்டும் ஆகாம வந்திச்சிண்டா கடைக்குப் பின்னால ஈக்கிற செட் ஒனக்கு. கராஜ் போட்டுக்கோ. வாடகைய பொறகு பேசுவோம்."

பக்கத்துக் காம்பிரா அம்மாக்கண்ணுவுக்கு விசயம் தெரிந்ததும் சிரிப்பு அடங்கவில்லை. "வெளக்கெண்ணெய குடுத்தா மனுசனுக்கே மூனு நாளு வயித்தால போகும். நானாட மெசின் டயகம ரோட்டுல எங்கெங்க குந்தப்போகுதோ!"

"குந்துனா ஒங்க வீட்டு வாசல்ல குந்தச் சொல்றேன் அக்கா" என்றாள் ஜெயந்தினி.

வடிவு லீவு போட்டு, வலப்பனையில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போய் இரண்டு பை ஆமணக்குக் கொட்டை கொண்டு வந்தாள். அங்கே வெயில் அதிகம், காய் நன்றாக முற்றும். பஸ் இல்லாமல் பாதி வழி மரக்கறி லொறியில் நின்றுகொண்டே வந்தாள். வந்ததும் கொட்டைகளைச் சாக்கில் பரப்பி, சொத்தையை எல்லாம் குச்சி பொறுக்குவது போலப் பொறுக்கினாள். ஆமணக்குக் கொட்டையும் சக்கையும் விசம் என்பதால், இடிக்கிற உரலைத் தனியாக வைத்தாள். ஆடு மேயாதபடி சக்கையைக் குழி தோண்டிப் புதைத்தாள். இருவருமாக வறுத்து, இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, மேலே மிதந்த எண்ணெயை வழித்து எடுத்தார்கள். அதை ஜெயந்தினி மறுபடி அடுப்பில் வைத்து, சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சி இறக்கினாள். ஐந்து லீட்டர் கிடைத்தது.

பச்சை எண்ணெயை முதலில் ஒரு போத்தலில் டீசலோடு கலந்து வைத்துப் பார்த்தாள். காலைக் குளிரில் இரண்டும் பிரிந்து, எண்ணெய் அடியில் தேனைப்போல உறைந்து நின்றது. "பாத்தியா அக்கா? இத இப்படியே ஊத்துனா எஞ்சின் குழாய் அடைச்சிரும்."

ஹட்டனில் பாடம் எடுத்த சார் கையெழுத்து வாங்கிக்கொண்டு மெதனோல் கொடுத்திருந்தார். அது கண்ணைப் பறிக்கும் விசம், நெருப்பும் சட்டென்று பற்றும். கேனில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டுப் பூட்டி வைத்தார்கள். வாசலில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில், கையுறை போட்டு, சுடுதண்ணீர் வாளிக்குள் மூடிய கேனை வைத்து ஜெயந்தினி ஒரு லீட்டர் எண்ணெயை மாற்றினாள். மறுநாள் காலையில் அடியில் கெட்டியான கசடும் மேலே தெளிந்த மஞ்சளுமாகப் பிரிந்திருந்தது. மஞ்சளை எடுத்து டீசலில் கலந்து இரண்டு நாள் பனியில் வைத்தாள். பிரியவே இல்லை. வடிவு அந்தப் போத்தலை லயத்தில் எட்டுக் காம்பிராவுக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மாக்கண்ணு வீட்டுக்கு மட்டும் இரண்டு தரம்.

புதன்கிழமை அடுத்த இரண்டு லீட்டரை எடுத்து அதே அளவில், அதே சூட்டில் செய்தாள். வியாழக்கிழமை காலையில் கேனைத் திறந்தபோது எண்ணெயும் இல்லை, கசடும் இல்லை. வெள்ளையாக, கட்டியாக, கொழகொழவென்று ஒன்று இருந்தது. கையுறை விரலை விட்டால் நுரைத்தது.

சவர்க்காரம்.

ஜெயந்தினி கொப்பியைத் திறந்து அளவுகளை மூன்று முறை பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. சாயங்காலம் வடிவு பெக்டரியிலிருந்து வந்தபோது, அவள் ஸ்பேனர்களை எல்லாம் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் துடைத்து வைக்கிற பிள்ளை அல்ல.

"என்னடி?"

"நான் சித்திக்கு வர்றேன்னு சொல்லப் போறேன் அக்கா. ஒரே மாதிரிதான் செஞ்சேன். ஒன்னு நல்லா வந்துச்சு, ஒன்னு இப்படிப் போச்சு. ஏன்னு தெரியாம அந்த மனுசன்ட மெசின்ல எப்படி ஊத்துறது? நான் ஊத்த மாட்டேன்."

"மிச்சம் ரெண்டு லீட்டர் இருக்குல்ல?"

"இருந்து என்ன? அதுவும் இப்படித்தான் போகும்."

சொல்லிக்கொண்டே அவள் எழுந்து அந்த மிச்ச எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ரொட்டிக் கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு விட்டாள். பட் பட்டென்று வெடித்துச் சிதறியது. இன்னொரு சொட்டு. அதுவும் வெடித்தது.

"தண்ணி" என்றாள் ஜெயந்தினி. "தண்ணி இருந்தா சவர்க்காரமாயிரும். ஆனா நான் சத்தம் அடங்குற வரைக்கும் காய்ச்சித்தானே எறக்குனேன்? இதுல எப்படித் தண்ணி?"

வடிவு குனிந்து அடுப்பு விறகைத் தள்ளினாள்.

ஜெயந்தினி போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அடியில கறுப்புத் தூள் கெடந்துச்சே. எங்க அது?" பிறகு மெல்லத் திரும்பினாள். "அக்கா. போத்தல் ஏன் இப்படிப் பளபளங்குது?"

"அது வந்து..." வடிவு சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கருகல் தூளு கெடந்துச்சுடி. பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் கொதிச்ச தண்ணிய ஊத்தி நல்லா குலுக்கி, தெளிய வச்சு, மேல உள்ளத மட்டும் வழிச்சு எடுத்தேன். போத்தலையும் கழுவிட்டேன். ரெண்டு தரம்."

"எண்ணெயக் கழுவுனியா?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்."

ஜெயந்தினி அக்காவைப் பார்த்தாள். வடிவு அடி வாங்கக் காத்திருப்பவள் போல நின்றாள். நானாவிடம் வாக்குக் கொடுத்தவளும் அவள்தான், கெடுத்தவளும் அவள்தான். ஆனால் தங்கச்சி சுவரில் சாய்ந்து, சரிந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எங் கணக்கு தப்பில்ல அக்கா! எண்ணெயக் கழுவுற ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்திதான்!"

"இப்ப சிரிக்காத. இத என்னா செய்றது, அதச் சொல்லு."

"காய்ச்சணும். சத்தம் அடங்கணும். அவ்வளவுதான்."

அந்த எண்ணெயை வடிவே காய்ச்சினாள். ஒருத்தரையும் பேச விடவில்லை. சட்டியின் பக்கம் காதைச் சாய்த்து நின்றாள். சடசடப்பு குறைந்து, ஒன்றிரண்டாகி, முழுக்க அடங்கியது. அதன் பிறகும் போனில் மணி பார்த்துப் பன்னிரண்டு நிமிடம் நின்றாள். சட்டி ஆறும் வரை ஈரத் துணி எதையும் அந்தப் பக்கம் கொண்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜெயந்தினி எண்ணெயை மாற்றினாள். சனிக்கிழமை காலையில் மஞ்சளும் கசடும் அழகாகப் பிரிந்து நின்றன. மாற்றிய எண்ணெயை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்ல அலசி, அந்தத் தண்ணீரையும் சூட்டில் போக்க வேண்டும்.

"இப்ப கழுவலாம் அக்கா. இப்பத்தான் கழுவணும்."

"நெசமாத்தான் சொல்றியா?" என்று இரண்டு தரம் கேட்ட பிறகே வடிவு தண்ணீரைத் தொட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, நானா வரிசையில் நின்று வாங்கிச் சேர்த்த எட்டு லீட்டர் டீசலுக்கு இரண்டு லீட்டர் என்று கலந்து டாங்கியில் ஊற்றினார்கள். லாபிர் நானா பிஸ்மி சொல்லிக் கைப்பிடியைச் சுற்றினார். முதல் சுற்றில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. வழக்கமான கறுப்புப் புகை குறைந்து, பலகாரம் சுட்ட மாதிரி ஒரு வாசம் வந்தது. டயகம வரை ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது பெட்டியில் பதினொரு மூட்டை உருளைக்கிழங்கு. வடிவு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். சட்டியைக் கேட்டது போலத்தான்.

ஒரு மேட்டில் சத்தம் தளர்ந்தது. விக்கியது. நின்றது.

நானாவின் முகம் வெளுத்துவிட்டது. "போச்சா புள்ள? எஞ்சின் போச்சா?"

வடிவுக்குத் துணிக்கடை, சித்தி, பெட்டியில் அடுக்கிய ஸ்பேனர்கள், எல்லாம் ஒரே நொடியில் வந்து போயின. ஜெயந்தினி அவசரப்படவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்தாள். டீசல் பில்டரைக் கழற்றினாள். உள்ளே இருந்தது கன்னங்கரேலென்று வந்தது.

"இது எதிர்பாத்ததுதான் நானா. புதுசு ஒன்னு கையோட கொண்டு வந்திருக்கேன். இந்த எண்ணெய் டாங்கியில பத்து வருசமா ஒட்டிக் கெடந்த அழுக்கெல்லாம் கரைச்சு எடுத்துட்டு வருது." வடிவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "இதுவும் எங்க அக்கா மாதிரித்தான். போன எடத்தக் கழுவாம விடாது."

புதுப் பில்டர் போட்டு, காற்றை எடுத்து, கைப்பிடியைச் சுற்றியதும் மெசின் முன்னைவிடச் சுத்தமாக ஓடியது. நானா பெரிதாக மூச்சு விட்டு, தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வடிவு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தன் கை இரண்டும் சேலையை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

பஜாருக்கு வந்து சேர்ந்ததும் ஜெயந்தினி எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு கீறலும் இல்லை.

"அப்ப இனி பெட்ரோல் செட்டு வரிசையில நிக்கத் தேவயில்லயா?" என்று கேட்டார் நானா.

"பொய் சொல்ல மாட்டேன் நானா. ஒரு லீட்டர் எண்ணெய்க்கு மூனு நாலு கிலோ கொட்டை வேணும். தோட்டம் முழுக்க ஆமணக்கு நட்டாலும் டீசலக் கைவிட முடியாது. ஆனா தேயிலைக்கு ஒதவாத ஓடை ஓரத்துல எல்லாம் நட்டா, அஞ்சுல ஒரு பங்கு நம்ம கையில இருக்கும். டீசல் இல்லாத நாளுல அது பெரிசு."

லாபிர் நானா கடைக்குள் போய், கயிற்றில் கட்டிய ஒரு சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

பின்னால் செட்டைத் திறந்தபோது தரையில் பழைய மண்ணெண்ணெயும் தூசியும் விரல் தடிப்பில் படிந்திருந்தன. வடிவு சேலையைத் தூக்கிச் செருகி, கையுறையை மாட்டினாள். வீட்டிலிருந்து ஒரு கேனைக் கொண்டு வரச் சொன்னாள். வியாழக்கிழமை கெட்டுப்போன அந்த வெள்ளைக் கட்டி. தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க நுரை பொங்கி, பத்து வருட அழுக்கு வாசல் வழியாக ஓடியது.

"சித்திக்குப் போன் எடுத்தியா?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"எடுத்துட்டேன். வரலன்னு சொல்லிட்டேன்."

"அப்ப சரி. அந்த ஸ்பேனரெல்லாம் எடுத்து வெளிய போடு. கழுவிடுறேன்."

"அக்கா!"

"காய வச்சுத்தான்டி தருவேன்" என்றாள் வடிவு.