அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

இழுப்பறையைத் திறப்பதற்கு முன் விரல்கணுவால் இரண்டு முறை தட்டுகிறாள். உள்ளே இருப்பவை சுண்ணாம்புக்கல் சில்லுகள். மூவாயிரம் வருடங்களுக்கு முன் எகிப்தில் எழுதத் தெரிந்த யார் யாரோ கறுப்பு மையால் கிறுக்கிப் போட்டவை. தட்டுகிற அளவுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "திடுதிப்புன்னு வெளிச்சம் பட்டா கண்ணு கூசாது?" என்றாள். யாருடைய கண் என்று சொல்லவில்லை.

அருங்காட்சியகத்தின் நிலவறையில் அவளுக்கு ஒரு மேசை. ஜன்னல் கிடையாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் மூலையில் நாள் முழுக்கத் தூங்குகிறவரைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சாம்பல் நிற இரும்பு அலமாரிகள் நான்கு வரிசை. அவளுக்கு வயது இருபத்தெட்டு. பதவி, தற்காலிக உதவி ஆய்வாளர். "இந்த ரூம்ல இருக்கிறதுலேயே நான் ஒருத்திதான் தற்காலிகம். மத்தவங்க எல்லாரும் நிரந்தரம்" என்று அலமாரிகளைக் காட்டிச் சிரிப்பாள்.

வாசல் காவலர் அவளுக்கு வைத்த பெயர் தூசி. வலது முழங்கையில் எப்போதும் ஒரு வெள்ளைத் தீற்றல் இருக்கும் என்பதால் அந்தப் பெயர் வந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. "தூசின்னா கேவலமா என்ன? எங்க தொழில்ல அதுதான் முதலாளி."

கல்லைப் படிக்கும்போது சின்ன விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கிறாள். நேரே அடித்தால் மங்கிய மை ஒளிந்துகொள்ளுமாம். சாய்த்துப் பிடித்தால் மெதுவாக மேலே வரும். அந்த நேரத்தில் மூச்சு விடவே மறந்துவிடுகிறாள். பிறகு குளத்திலிருந்து எழுந்தவளைப் போல ஒரு பெருமூச்சு. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் எங்கோ போய்விடுவாள். நாம் காத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மீதி வாக்கியத்தோடு திரும்பி வருவாள். நடுவில் ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பாள்.

எழுதியவரை அவள் 'அவர்' என்றுதான் சொல்கிறாள். "பாருங்க, இங்க மை தொட்டிருக்கார், எழுத்து கருப்பாகுது. அப்புறம் மங்கிக்கிட்டே வருது. திரும்பத் தொடணும், தொடல. யாரோ கூப்பிட்டிருக்காங்க, எழுந்து போயிருக்கார்." தண்ணீர் குடிக்கப் போனவரைப் பற்றிச் சொல்வது போலிருக்கும். ஒரு முறை நானே கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது? ஒன்பது வயதில் கால் முறிந்து, மாவுக்கட்டோடு ஒன்றரை மாதம் படுத்துக்கிடந்தாள். எதிர்ச் சுவரில் மருந்துக் கம்பெனி கொடுத்த நாள்காட்டி. அதில் எகிப்தியச் சுவரோவியம் ஒன்று, நாணலுக்கு நடுவே வாத்துகள். மாதம் முடிந்தும் தாளைத் திருப்பவிடவில்லையாம். "ஒரு வாத்து மட்டும் என்னையே பாத்துச்சு. மத்ததெல்லாம் அது பாட்டுக்குப் போகுது. ஏன் இது மட்டும் திரும்பிச்சுன்னு யோசிச்சேன். இன்னும் யோசிக்கிறேன்."

அம்மா தையல்காரர். வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள், அளவெடுக்க ஒரு திரை மறைவு. மகள் மருந்தாளுநருக்குப் படிக்க வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். "உயிரோட இருக்கிறவங்களுக்கு ஏதாவது செய்டி. செத்தவங்களோடவே குடித்தனம் நடத்தப் போறியா?" என்று கேட்டிருக்கிறார். மகள் எகிப்தியத் தொல்லியல் படிப்பில் சேர்ந்துவிட்டாள். படிக்கும்போதே அகழாய்வுக்கு அனுப்பினார்கள். ஏழு வாரம், மண்ணைச் சல்லடையில் சலிக்கும் வேலை. கூட வந்தவர்களுக்கு மணியும் தாயத்தும் கிடைத்தன. இவளுக்குக் கிடைத்தது விரல் நீளக் கயிறு, நடுவில் ஒரு முடிச்சு. அதைப் பார்த்து அழுதாளாம். "யாரோ போட்ட முடிச்சு. அதுக்கப்புறம் அவிழ்க்க யாருமே வரல."

இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்கு ஒரு பேர் கிடைத்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. உள்ளங்கை அகலச் சில்லு ஒன்றை அவள் படித்தாள். 'நீ என் [இதயத்தை] எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நாளாயிற்று. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாள் நகரவில்லை. திருப்பி அனுப்பு.' அதற்குக் கீழே கல் உடைந்திருந்தது. 'இதயத்தை' என்ற சொல் கல்லில் இல்லை. அந்த ஓரமும் பெயர்ந்துபோயிருந்தது. அது ஊகம் என்பதைக் காட்டத்தான் சதுர அடைப்புக்குறி. ஆய்விதழில் அவள் ஒழுங்காகப் போட்டிருந்தாள். வாசகர்களுக்கு உறுத்தும் என்று பத்திரிகைக் கட்டுரையில் அந்தக் குறியை எடுத்துவிட்டவன் நான். 'மூவாயிரம் ஆண்டுக் காதல் கடிதம்' என்று தலைப்பும் வைத்தேன். கட்டுரை ஊரெல்லாம் பேசப்பட்டது. தற்காலிக வேலை அவளுக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான். அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி, தையல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் போனார்கள்.

இந்த ஆண்டு அந்தக் கல்லையே நடுநாயகமாக வைத்துக் கண்காட்சி ஏற்பாடாயிற்று. அதைப் பற்றி எழுதத்தான் நான் மறுபடி நிலவறைக்குப் போனேன். திறப்புக்கு மூன்று வாரம் இருந்தது. சுவரொட்டிகள் அச்சாகி வந்துவிட்டன. அடுத்த வாரம் நிரந்தரப் பதவிக்கான நேர்காணல்.

அவள் 'எழுத்தில்லாதவை' என்று சீட்டு ஒட்டிய பெட்டியைப் பிரித்து, உள்ளிருந்த துண்டுகளைப் புதுப் பஞ்சில் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத பெட்டி அது. பாதி பிஸ்கட் அளவுத் துண்டு ஒன்றை எடுத்தவள், வழக்கம்போல விளக்கைச் சாய்த்தாள். மூச்சு நின்றது. வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து போய்க் காதல் கடிதத்தைக் கொண்டுவந்து, சின்னத் துண்டை அதன் ஓரத்தில் மெல்லச் சேர்த்து வைத்தாள். கல்லோடு கல் 'டிக்' என்று பொருந்தியது. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது.

 பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எழுத்தாளரே, நாம ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்."

"என்ன ஆச்சு?"

"இதயம் இல்ல. கழுதை."

"கழுதையா?"

"நீ என் கழுதையை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நாளாயிற்று. வாசலையே பாத்துட்டு இருக்கார் மனுஷன். கழுதை இல்லாம வேலை ஓடல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நான் பேனாவை மூடினேன். "நான் எதையும் பார்க்கல. நீயும் அந்தப் பெட்டியை அடுத்த மாசம் பிரிச்சுக்கோ" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். என் தலைப்பைக் காப்பாற்றும் எண்ணமும் அதில் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"முழுப் பூசணிக்காயையே சோத்துல மறைக்கிறாங்க. இது ரெண்டு விரல் அகலம்" என்றாள். துண்டைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அன்று பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தாள்.  அவளுக்கான பேருந்து இரண்டு வந்து போயின, கவனிக்கவில்லை.

நாலு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் துறைத் தலைவியின் அறைக்கு இரண்டு துண்டுகளையும் தட்டில் வைத்து எடுத்துப் போனாள். அங்கே நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். தலைவி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விலங்கின் பெயர் என்றால் எகிப்தியர் சொல்லின் கடைசியில் போடும் அடையாளம் பளிச்சென்று இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இதை ஒரு மாசம் கழிச்சுக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா நீ?"

"பெட்டியை மூடித்தான் வெச்சேன் மேடம். தூக்கம் வரல."

"அடுத்த வாரம் உனக்கு நேர்காணல் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும். அவர் கழுதையைக் கேட்டுக் கத்திட்டிருக்கார். நான் அவர் வாயில கவிதையைத் திணிச்சுட்டேன். ரெண்டு வருஷமா ஊரே கைதட்டுது, அவருக்கு மட்டும் கழுதை வரல."

தலைவி சிரிக்கவில்லை. ஆனால் தட்டை வாங்கித் தம் மேசையில் வைத்துக்கொண்டார்.

சுவரொட்டிகள் கிழிபட்டன. ஆய்விதழில் அரைப் பக்கத் திருத்தம் வந்தது. 'என் முந்தைய வாசிப்பு தவறு' என்று முதல் வரியை அவளே எழுதியிருந்தாள். எங்கள் பத்திரிகையிலும் நான் ஒரு கட்டச்செய்தி போட்டேன், என் பெயரைச் சேர்த்தே. நிரந்தரப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவளுக்குத் தற்காலிகத்திலேயே இன்னும் ஒரு வருடம். காவலர் அவள் பெயரை மாற்றவில்லை. கழுதை என்று கூப்பிடலாமா என்று யோசித்து, "வேணாம், நல்ல பொண்ணு" என்று விட்டுவிட்டாராம்.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? யாரு உன்னைக் கேட்டா?" என்று கத்தினார். மேசைக் கண்ணாடியைத் தூக்கி அந்தப் பக்கத்தை உருவி எடுத்தார். நாலு நாள் மகளோடு பேச்சு இல்லை. தட்டைக் கூட 'டங்'கென்று வைத்தார். மகள் ஒரு முறை மட்டும் கேட்டாளாம்: "அம்மா, யாராவது உன் மெஷினைக் கேட்டு வாங்கிட்டுப் போயி பத்து நாளாத் திருப்பித் தரலன்னா, நீ என்ன எழுதுவ?" தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா துணியைத் திருப்பிப் போட்டு அடுத்த விளிம்பைத் தைத்தார்.

திறப்பு நாளன்று கூட்டம் அதிகமில்லை. வந்தவர்கள் நடுவில் இருந்த கண்ணாடிப் பேழையின் முன் சற்று நின்றார்கள், அட்டையில் 'கழுதை' என்று படித்தார்கள், சிரித்தார்கள், நகர்ந்தார்கள். பதினோரு மணிக்கு அம்மா வந்தார். அருங்காட்சியகத்துக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வேலைக்குப் போடும் புடவைதான். நூல் கோத்த ஊசி ஒன்று தோளில் குத்தியது குத்தியபடியே இருந்தது. மகள் பக்கத்தில் போய் நின்றாள், கைகட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் கொடுத்தவளைப் போல.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கல்லில் இருந்த ஒட்டு, தெரிந்தும் தெரியாத மெல்லிய கோடாக ஓடியது. தைத்த துணியின் விளிம்பைப் பார்க்கிற கண்ணால் அதைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நல்லாத்தான் பொருந்தியிருக்கு" என்றார். பிறகு, குனிந்தபடியே, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"கழுதை கிடைச்சுதாடி அந்த ஆளுக்கு?"

மகள் உடனே பதில் சொல்லவில்லை. எங்கோ போய்விட்டாள் என்று நினைத்தேன். இல்லை, அங்கேயேதான் இருந்தாள்.

"தெரியலம்மா. அதுக்கப்புறம் உடைஞ்சிருக்கு. இன்னும் இவ்வளவு இருக்கணும்."

கல் முடிந்த இடத்துக்குக் கீழே, கண்ணாடியின் மேல், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்துக் காட்டினாள். அம்மா அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கையை எடுக்கவில்லை.