தொண்ணூற்றொரு குழாய்

என் வீட்டுக்காரருக்கு இரும்புக் குழாய் ஆலையில் குழாய்களைச் சேர்த்துக் கட்டுப் போடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷன். தொண்ணூற்றொன்று. ஆலையில் அவர் பட்டப்பெயரே அதுதான்.

நடுவில் ஒரு குழாய். அதைச் சுற்றி ஆறு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, இருபத்துநான்கு, முப்பது. கூட்டினால் தொண்ணூற்றொன்று. ஆறு பக்கம், பக்கத்துக்கு ஆறு, ஒன்றுகூடத் துருத்தாது. சுற்றி இரும்புப் பட்டையை இறுக்கினால் சுண்டுவிரல் நுழையாது. அதையே தரையில் பதின்மூன்று வைத்து, வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து அடுக்கினாலும் உச்சியில் சரியாக ஒன்று நிற்குமாம். எதாலும் வகுபடாத எண் மாதிரித் தெரிந்தாலும் ஏழால் வகுபடும் என்று கல்யாணமான மறுநாளே என்னிடம் சொன்னார். எனக்கு வாய்த்தது இதுதானா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

போன வருஷம் புது மேனேஜர் வந்தான். சட்டை கசங்காத ஜென்மம்.

"அதென்ன தொண்ணூத்தொண்ணு? இனிமே கட்டுக்கு நூறு" என்றான்.

"ஐயா, நூறு உட்காராது. ஒன்பது வெளிய நிக்கும். அடுத்த சுத்து முழுசாகணும்னா முப்பத்தாறு வேணும், நூத்தி இருபத்தேழாயிடும்."

"உனக்குச் சம்பளம் குடுக்கிறது கட்டுப் போடவா, கணக்குப் பாடம் நடத்தவா?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! என் வாயில்லாப்பூச்சியும் நூறு கட்டியது. ஒரு பக்கத்தின் முதுகில் ஐந்து குழாய், அதன் மேல் நான்கு. பட்டை அவற்றின் மேலே ஏறி, இரண்டு ஓரத்திலும் வெறும் காற்றை இறுக்கிக்கொண்டு நின்றது.

பதினோராம் நாள் கிரேன் தூக்கும்போது பட்டை நழுவியது. மேலே இருந்த ஒன்பதும் சரிந்து விழுந்தன. கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றவன் என் தம்பி. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே மேனேஜர் காகிதத்தோடு வந்துவிட்டான். 'பட்டையைச் சரியாக இறுக்காதது என் தவறு' என்று இவர் சொல்வதுபோல் டைப் அடித்து வைத்திருந்தான். தப்பு ஆலையுடையது என்றால் தம்பிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கொடுத்தே ஆகவேண்டும். சொந்த அக்கா புருஷனுடையது என்றால் அவன் யாரைப் போய்க் கேட்பான்?

"கையெழுத்துப் போடாதீங்க! நூறு கட்டச் சொன்னது யாருன்னு இங்கயே சொல்லுங்க" என்று கத்தினேன்.

"போட்டா உன் வேலையாவது மிஞ்சும்" என்றான் அவன்.

இவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், போட்டுவிட்டார். மேனேஜர் பேனாவைத் திரும்ப வாங்கி, கைக்குட்டையால் துடைத்துப் பையில் செருகிக்கொண்டான். தூ!

தம்பியை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து முன்னறைக் கட்டிலில் போட்டோம். ஆலையிலிருந்து ஒரு ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் இவர் வேகமாக உள்ளே வந்தார்.

"கேட்டியா? மறுபடி தொண்ணூத்தொண்ணே கட்டச் சொல்லிட்டாங்க!"

முகமெல்லாம் சிரிப்பு. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். வைத்த என் கையே எனக்கு அருவருத்தது.