ஓரகத்தியின் தம்ளரில் இருந்தது என்ன?

எனக்கு அறுபது வயது. சிம்மக்கல்லில் நானும் ஓரகத்தியும் ஒரே வீட்டில் இருக்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அவள் மகன் தேயிலைத் தூள் அனுப்ப, அவள் நாள் முழுக்கத் தம்ளரும் கையுமாகத் தெம்பாக வளைய வருவது எனக்குப் பொறுக்கவில்லை. நானும் தூள் வாங்கி, தண்ணீரையே மறந்து, தினமும் எட்டுத் தம்ளர் தேத்தண்ணீர் குடித்தேன்.

கோடையில் ஒருநாள் இடுப்பில் வலி வெட்டி இழுத்தது, நீர் பிரியவில்லை. அவள்தான் குதிரைவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"சிறுநீரகத்துல கல்லு. தண்ணி எம்புட்டுக் குடிப்பீங்க?" என்றார் டாக்டர்.

"தண்ணியா? இவளைப் பாத்து நானும் எட்டுத் தம்ளர் தேத்தண்ணிதான் குடிக்கிறேன்" என்றேன்.

"அக்கா, நான் ரெண்டு தம்ளர் தேத்தண்ணிதான் குடிக்கிறேன். மத்த நேரமெல்லாம் வெறுந்தண்ணிதான்" என்றாள் அவள்.

கல் வெளியேறப் பத்து நாள் துடித்தேன். இப்போது எனக்கும் இரண்டு தம்ளர்தான். அவள் இன்னும் என்னைவிடத் தெம்பாகத்தான் இருக்கிறாள். பார்த்தால் பொறாமை வரத்தான் செய்கிறது. உடனே எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிடுகிறேன்.