சனியைப் பார்க்க ஒரு தூண்

என் அக்காவோடு போட்ட சண்டையில் ஜெயிப்பதற்காகத்தான் விம்கோ நகரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அந்த மரத்தூணை நட்டேன். தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு முருங்கை, இரண்டு செம்பருத்தி, துணி துவைக்கிற கல், மிச்சமெல்லாம் சிமெண்ட் தரை.

அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறாள். பல வருஷத்துச் சர்க்கரை கடைசியில் அவள் கண்ணில் கை வைத்துவிட்டது. இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பார்ப்பதெல்லாம் புகையாகத் தெரிந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் அவள் நேரே ஜோசியரிடம் போனாள். ஏழரைச் சனி முடிகிற நேரம், மார்கழியில் சனி பெயர்கிறது, அதுவரை உடம்பில் கத்தி படக்கூடாது என்று அந்த ஆள் சொல்லிவிட்டான். அப்போது ஆவணி மாதம்.

"நாலு மாசம்தானேடா. இத்தினி வருஷம் பொறுத்துகினேன், இன்னும் நாலு மாசம் பொறுத்துக்க மாட்டேனா?"

"நீ பொறுத்துக்குவ. உன் கண்ணு பொறுக்குமாக்கா?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் அசையவில்லை. புருஷன் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தது, மகன் படிப்பை விட்டது, ஐஸ் பெட்டி ஓட்டையானது வரைக்கும் அவளுக்குச் சனி செய்ததுதான். அந்த ஜோசியனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கண்டெய்னர் யார்டில் மெக்கானிக். பழைய டெலஸ்கோப் ஒன்று வைத்திருக்கிறேன், எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் அது. சனியை அவளுக்கு ஒரு தடவை காட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. வளையம் போட்ட ஒரு சின்ன உருண்டை அது. காசிமேட்டில் ஒருத்திக்கு இடது கண் இருப்பதே அதற்குத் தெரியாது. பார்த்தால் அவளுக்கே விளங்கிவிடும்.

"சனிய நேருக்கு நேரா பாக்கச் சொல்றியா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்றாள். கோயிலில்கூடச் சனி சன்னிதிக்கு எதிரே அவள் நின்றதில்லை. பக்கவாட்டில் ஒதுங்கிக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். நான் டெலஸ்கோப்பை வெளியே எடுத்துவந்து காட்டினேன். அதில் கண் வைக்கிற இடம் குழாயின் பக்கவாட்டில் இருக்கிறது. சனியின் எதிரே நிற்பது குழாய்தான், நாம் பக்கவாட்டில்தான் நிற்போம். அவள் அதை இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தாள்.

"சைடுலதானே? அப்ப தோஷம் இல்ல."

அன்று சாயங்காலமே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். வலது கண்ணை வைத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் வரிசையாகக் கண்டெய்னர் லாரிகள். எங்கள் தெருவில் லாரி போனால் அலமாரியில் டம்ளர் பேசும். மூன்று கால் ஸ்டாண்டில் நின்ற டெலஸ்கோப் நடுங்க, உள்ளே சனி துள்ளியது.

"கொசு மாதிரி பறக்குதுடா. ஒண்ணும் புரியல."

"அசையாம நிறுத்திக் காட்டுறேன். பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்கு வருவியா?"

கொஞ்சம் யோசித்தாள். "பாத்துட்டு வரேன்" என்றாள்.

அதன் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. காசிமேட்டில் ஒரு விசைப்படகைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். டெலஸ்கோப்பை ஏற்றி நிறுத்தத் தூணாக, அதன் அடிமரத்திலிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஒரு துண்டை வாங்கிவந்தேன். என் கூடப் படித்த படகுத் தச்சன் ஒருவன் அதை இழைத்துக் கொடுத்தான். தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. தரையில் துளைபோட்டு நான்கு போல்ட்டில் இறுக்கினேன். அதுவும் போதாதென்று வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு பக்கமும் இரும்பு ஆங்கிள் கொடுத்துப் பிடித்தேன். கட்டாத படகு கரையில் நிற்காது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எதையும் இழுத்துக் கட்டினால்தான் எங்களுக்கு மனசு ஆறும். தோளால் மோதிப் பார்த்தேன். தோள்தான் வலித்தது.

டெலஸ்கோப்பை மேலே ஏற்றி லாரிக்காகக் காத்திருந்தேன். வந்தது. சனி முன்னைவிட மோசமாக நடுங்கியது. உள்ளே என் மனைவி தண்ணீர் மோட்டாரைப் போட்டாள், அதற்கும் நடுங்கியது. கையிலிருந்த ஸ்பேனரை முருங்கை மரத்தில் விட்டெறிந்தேன்.

தச்சன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா நைனா, ஊட்டோட சேத்துக் கட்டி வெச்சிகீற? ஊடு ஆடுனா அதுவும் கூடவே ஆடத்தான் செய்யும்."

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காக இன்ஜின் அதிர்வோடு மல்லுக்கட்டுகிறவன் நான். கோபத்தில் புத்தி வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் கழற்றினேன். சிமெண்ட் தரையைச் சதுரமாக வெட்டி எடுத்துக் குழி தோண்டினேன். மூன்றடியில் கறுப்புத் தண்ணீர் ஊறியது, எண்ணெய் நாற்றத்தோடு. இறைக்க இறைக்க ஊறியது. நடுவில் ஒரு வாரம் மழை. வேறு இடத்தில் தோண்டி, மரத்துக்குத் தார் பூசி, நீளம் போதாமல் இன்னொரு துண்டு பிணைத்து, சிமெண்ட் தரையின் அதிர்வு தூணைத் தொடாதபடி இரண்டுக்கும் நடுவே ஒரு கை இடைவெளி விட்டு மணல் நிரப்பினேன். லாரிக்காரர்களை, மழையை, அந்த நாற்றத் தண்ணீரை, ஜோசியனை என்று ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே வேலை செய்தேன்.

"அக்காவ ஒரு ஆட்டோல ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயேன்யா. தூணு எங்க ஓடிடப் போவுது?" என்றாள் மனைவி.

"பார்த்துட்டு அவளே வருவா. நீ சும்மா இரு" என்றேன். அவளே ஒப்புக்கொண்டு வர வேண்டும் என்கிற வீம்பு எனக்கு. அக்கா போனில் தூணைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், இதோ ஆயிடுச்சு என்பேன்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம், ஏழு மணி இருக்கும், அவளை உட்கார வைத்தேன். வாசலில் லாரி போனது. சனி அசையவில்லை. அக்கா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இத்துனூண்டா?" என்றாள். பிறகு எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "இதுவாடா என் புருஷன கொன்னுச்சு? அந்தாளு குடிச்சு செத்தான்டா. அவன ஒரு வார்த்த கேக்காம, இதுக்குப் போயி சனிக்கிழம சனிக்கிழம எள்ளு வெளக்கு போட்டுகினு இருந்தேன்!"

அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். ஜெயித்துவிட்டேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இடது கண்ணை நெடுநேரம் பார்த்தார். விழித்திரை முழுக்கப் பிய்ந்து வந்துவிட்டது, இனி ஆபரேஷன் செய்தும் பலனில்லை, வலது கண்ணையாவது காப்பாற்றப் பார்ப்போம் என்றார்.

"அப்பவே சொன்னேனே. ரெண்டு மாசம் என்ன பண்ணீங்க?"

ஜோசியனை இழுத்துப்போட்டுக் கிழிப்பதற்காக நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். அவள் குரலில் துளி வருத்தமில்லை, பெருமைதான் இருந்தது.

"எந்தம்பி எனக்கோசரம் தூணு நட்டுகினு இருந்தான் சார். அத பாத்துட்டு வரேன்னு அவனாண்ட வாக்கு குடுத்துட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.