இலக்கணப்படியும் லாரிப்படியும்

என் தங்கை நில்டா வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில், ஊர்த் திருவிழாவில் பையன்கள் அத்தனை பேரும் சறுக்கி விழுந்த வழுக்கு மரத்தில் ஏறி, உச்சியில் கட்டியிருந்த பன்றித்தொடையை வென்றாள். பெண்கள் ஏறக் கூடாது என்ற விதி அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது. பதினான்கு வயதில், தையல் வகுப்புக்குப் போகாமல் இருக்கும் உரிமையை அம்மாவிடமிருந்து வென்றாள். கட்டிய பணம் வீணாகக் கூடாது என்று அவளுக்குப் பதில் என்னை அனுப்பினார்கள். நான் தையல்காரனானேன். இருபத்திரண்டில், எங்கள் கொட்டகையைப் பக்கத்துத் தோட்டத்துக் கோழிகளிடமிருந்து மீட்டாள். இருபத்து மூன்றில் லாரியை வென்றாள். அதை யாரிடமிருந்து வென்றாள் என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. அப்பாவிடமிருந்து என்பது என் கட்சி. எலிசெயோவிடமிருந்து என்று கடைசிவரை சாதித்தார் அப்பா.

எலிசெயோ பக்கத்துத் தோட்டக்காரர். கோழிகள் அவருடையவை. பரானா ஆற்றங்கரையில் அவருக்கும் எங்களுக்கும் ஆரஞ்சுத் தோட்டங்கள். தோட்டங்கள் கீழே, ஊர் மேலே, இரண்டுக்கும் நடுவில் செங்குத்தான மண் ஏற்றம். பழம் விற்க வேண்டுமானால் அதில் ஏறித்தான் ஆக வேண்டும். அப்பா பவுஸ்தீனோ சுனினோ பல வருடம் ஒரு லாரியில் ஏற்றினார். 1946 மாடல், பச்சை நிறம். அதன் எஞ்சின் வெடித்து நின்ற பிறகு எலிசெயோவின் டிராக்டர் எங்கள் பழத்தை ஏற்றியது. ஏற்றும் ஒவ்வொரு முறையும் அவர் ஹாரன் அடித்து ஊருக்கே தெரியப்படுத்துவார். லாரி ஆறு வருடம் கொட்டகையில் கிடந்தது. அவர் கோழிகள் வேலி தாண்டி வந்து ஓட்டுநர் இருக்கையில் முட்டையிட்டன.

எங்கள் பக்கத்து லாரிகளில் இரண்டு இடத்தில் எழுத்து இருக்கும். பின்பலகையில் வண்டிக்காரர் ஊருக்குச் சொல்ல விரும்பும் வாசகம், பூவும் கொடியும் சுற்றி வரைந்து. எங்கள் லாரியின் பின்பலகை, "வந்துகொண்டே இருக்கிறேன்" என்றது. ஆறு வருடமாக அசையாத வண்டிக்கு அது பொருத்தமாக இல்லை. எலிசெயோ கொட்டகையை எட்டிப் பார்த்து, "எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்காத நாள் குறைவு.

இரண்டாவது, கதவில் உரிமையாளர் பெயர். "பவுஸ்தீனோ சுனினோவும் மகன்களும்." அதை எழுதியபோது மகன் நான் ஒருவன்தான். இன்னொருவன் வருவான் என்ற நம்பிக்கையில் அப்பா பன்மையில் எழுதச் சொல்லிவிட்டார். வந்தது நில்டா. ஆனால் எழுத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. எங்கள் மொழியில் மகன்களுக்கும், மகனும் மகளும் கலந்த பிள்ளைகளுக்கும் ஒரே சொல்தான். மகள் மட்டும் என்றால்தான் சொல் மாறும். இந்த விஷயம் பின்னால் முக்கியமாகும்.

1970 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எலிசெயோ வந்திருந்தார். இரண்டாவது கோப்பை ஒயினில் விஷயத்துக்கு வந்தார்.

"பவுஸ்தீனோ, அந்த லாரியோட தலைய மட்டும் அறுத்து எனக்குக் குடுத்துடு. என் கோழிங்க அதுக்குப் பழகிடுச்சுங்க."

"உங்க கோழி குடி வந்தா வீடு உங்களுதா மாமா?" என்றாள் நில்டா.

"ஆறு வருஷமா குடியிருக்குதுங்கம்மா. கோர்ட்டுக்குப் போனா அதுங்க பக்கம்தான் தீர்ப்பு."

"லாரிய நான் ஓட வைக்கிறேன்."

அப்பா ரொட்டியைப் பிட்டபடி, "வச்சு?" என்றார்.

"ஓட்டுவேன். நம்ம பழத்த நானே ஏத்திட்டுப் போவேன். கதவுல மகன்களும்னு எழுதியிருக்கில்ல? அண்ணனுக்கு வண்டி நகந்தாலே வாந்தி வரும். இன்னொரு மகன் எங்க? நான்தானே?"

அண்ணன் என்பது நான். அவள் சொன்னது உண்மை.

"அந்தச் சொல்லுல நீயும் அடக்கம்தான்," என்றார் அப்பா. "இலக்கணப்படி."

"அப்புறம் என்ன?"

"லாரிப்படி இல்ல."

எலிசெயோ மேசையில் அடித்துச் சிரித்தார். அம்மா அவர் முன்னாலிருந்த புட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். நில்டா சிரிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"சரி. சான் கிறிஸ்தோபல் திருநாளன்னிக்குப் பழப்பெட்டி ஏத்தி, எவன் கையும் படாம, தானா மேட்டுல ஏறட்டும். ஏறினா வண்டி ஒனக்கு. ஏறலேன்னா தலை கோழிக்கு, உடம்பு இரும்புக்கடைக்கு."

சான் கிறிஸ்தோபல் ஓட்டுநர்களின் புனிதர். ஜூலையில் அவர் திருநாளன்று எல்லா வண்டிகளும் மேட்டுக்கு மேலே கோயில் முன் வரிசையில் நிற்கும். பங்குச் சாமியார் வாளியோடு வந்து தீர்த்தம் தெளிப்பார். அதாவது, தோற்றால் ஊர் முழுக்க வேடிக்கை பார்க்கத் தோற்க வேண்டும்.

நில்டா மறுநாளே கோழிகளை இறக்கினாள். திரும்பத் திரும்ப வந்தன. இருக்கைக்கு அடியில் துருவைவிடக் கோழி எச்சம்தான் கனமாக இருந்தது. தரைத் தகட்டை எண்ணெய் பீப்பாய்த் தகடு வெட்டி மாற்றினாள். ஓடாமல் கிடந்த அறுவடை இயந்திரம் ஒன்றிலிருந்து டீசல் எஞ்சின் கிடைத்தது. அதற்கு ஈடாக அதன் சொந்தக்காரரின் மூன்று மகன்களுக்கும் நான் கோட்டுத் தைத்தேன். எஞ்சின் பழையதைவிட நீளம். ரேடியேட்டரை முன்னால் தள்ளி, எஞ்சின் மூடியில் ஒரு துண்டு ஒட்டுப்போட்டாள். லாரிக்கு மூக்கு நீண்டுவிட்டது. ஆறு வோல்ட் மின்சாரத்தைப் பன்னிரண்டாக மாற்றினாள். ஹாரன் மட்டும் பழையது. பன்னிரண்டு வோல்ட் பாய்ந்ததும் அது அலறிய அலறலில் கோழிகள் வேலியைத் தாண்டி ஓடின. பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. இருக்கைக்குத் தடித்த கான்வாஸ் துணியில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். இருபத்தாறு வருடம் அவள் அந்த லாரியை ஓட்டினாள். அந்தத் தையல் ஓர் இடத்திலும் விடவில்லை.

அப்பா உதவி செய்யவில்லை. ஆனால் தினமும் மாலையில் கொட்டகைக்கு வந்து கவிழ்த்த பெட்டியில் உட்காருவார். நில்டா கையைத் துடைத்துவிட்டு மாத்தே இலைத் தேநீர் ஊற்றித் தருவாள். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், மாறி மாறி. எங்கள் ஊரில் மாத்தேக் குடுவையைத் திருப்பித் தரும்போது "நன்றி" என்று சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம். எட்டு மாதத்தில் அப்பா ஒரு தடவைகூட நன்றி சொல்லவில்லை. கெண்டியில் தண்ணீர் தீரும்வரை உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் மட்டும் வாய் திறந்தார். "ரிவர்ஸ் கியர் பல்லு தேஞ்சது. சுமை ஏறினா கழண்டுக்கும். நான் முழங்காலால அழுத்திப் பிடிப்பேன்."

"நான் முன்னாலதானே போகப் போறேன்பா," என்றாள் நில்டா.

கடைசியாகப் பின் அச்சைப் பிரித்தாள். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும் என்பதால் அச்சின் நடுவிலுள்ள கிரவுன் பல்சக்கரத்தை மாற்ற வேண்டியிருந்தது. திருநாளுக்கு முந்தின மதியம் வேலை முடிந்தது. வண்டியை முட்டுக்கட்டைகள் மேல் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, கியர் போட்டாள். பின்சக்கரங்கள் சத்தமில்லாமல், ஆட்டமில்லாமல் சுழன்றன. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினைக் கேட்டோமே தவிர, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஜூலை எங்கள் பக்கம் குளிர்காலம். காலையில் உறைபனி இறங்கி, பிறகு வெயில் வந்து, ஏற்றத்தின் மண் வழவழவென்று ஆகியிருந்தது. லாரியில் நாற்பது பெட்டி ஆரஞ்சு ஏற்றினோம். பின்பலகையை ஒரு சாக்கால் மூடிக் கட்டியிருந்தாள் நில்டா. "ஏறின பெறகு பாத்துக்கலாம்," என்றாள். அப்பா மேலே சாமியாரோடு நின்றார். எலிசெயோ கீழே டிராக்டரோடும் சங்கிலியோடும் தயாராக இருந்தார். இழுப்பதற்காம்.

நில்டா முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டாள். லாரி கம்பீரமாகப் பின்னால் போய் அம்மாவின் எலுமிச்சை மரத்தில் முட்டியது.

இரண்டாவது கியர் போட்டாள். இன்னும் வேகமாக முட்டியது.

எலிசெயோ டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "முன்னேறுற வண்டி செய்யச் சொன்னா... பின்னேறுற வண்டி செஞ்சிருக்கா! நாலு ரிவர்ஸ் வண்டிய உலகத்துல யாரும்மா பாத்தா!"

கிரவுன் சக்கரத்தை அவள் இடம் மாற்றி மாட்டியிருந்தாள். இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம். அதனால் முன் கியர்கள் எல்லாம் வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோயின. ரிவர்ஸ் கியர் ஒன்றுதான் முன்னுக்குக் கொண்டுவந்தது. அதைப் போட்டு ஏற்றத்தின் அடிவரை வந்தாள். சரிவில் ஏறத் தொடங்கியதும், அப்பா சொன்னபடியே அது கழன்றுகொண்டது. லாரி உருண்டு கீழே வந்தது.

நில்டா இறங்கினாள். சக்கரத்தைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"இழுக்கட்டுமா மாப்ள?" என்று எலிசெயோ என்னிடம் கேட்டார்.

"மாமா," என்றாள் நில்டா, "தானா ஏறணும்னுதானே அப்பா சொன்னாரு? மூஞ்சி முன்னால இருக்கணும்னு சொன்னாரா?"

எலிசெயோ யோசித்தார். "அது... சொல்லலதான்."

"அப்போ டிராக்டர கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. நான் திருப்பணும்."

லாரியைத் திருப்பிப் பின்பக்கத்தை மேட்டுக்குக் காட்டினாள். கதவைத் திறந்து, பாதி உடம்பு வெளியே, ஒரு கை ஸ்டியரிங்கில். முதல் கியர். லாரி முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கியது. நான் பக்கவாட்டில் ஓடினேன். மேலே கூட்டம் ஆரவாரித்தது. வரிசையில் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன.

பாதி வழியில் ஒரு வளைவு. அங்கே குலுங்கியதில் சாக்கின் ஒரு முனை அவிழ்ந்தது. பின்பலகைதான் முன்னால் வந்துகொண்டிருந்ததால் மேலே இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. சாமியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "சுனினோவும் மக... மீதி மறைஞ்சிருக்கே."

"மகன்களும்னுதான் இருக்கும் சாமி," என்றார் அப்பா. "கதவுல இருக்கறதுதான்."

அப்போது வலப்பக்கச் சக்கரம் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. எஞ்சின் முனகியது. லாரி ஒரு சாண் கீழே சரிந்தது. பெட்டியிலிருந்து ஆரஞ்சுகள் உருண்டு ஓடின. அப்பா மேட்டிலிருந்து கீழே ஓடி வந்தார். நாற்பது பெட்டி ஏற்றிய லாரியைப் பிடித்து நிறுத்த இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"அப்பா! கைய எடுங்க! தொட்டா நான் தோத்துருவேன்!"

அப்பா பலகைக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றார். கைகளை மேலே தூக்கினார், போலீஸ் துப்பாக்கி காட்டியதுபோல. தூக்கிய கைகளோடே கத்தினார்.

"இடது! இடது பக்கம் ஒடி!"

"ஒடிச்சுட்டேன்!"

"ஒன் இடது இல்லடி, என் இடது! ஆங்... அப்படித்தான். இப்போ மிதி! எஞ்சினுக்குப் பாவம் பாக்காத, மிதி!"

சக்கரம் கல்லைப் பற்றியது. லாரி உறுமி எழுந்தது. அப்பா கையை இறக்காமல் மேட்டில் பின்னால் பின்னால் நடந்தார். லாரி அவரைத் தொடர்ந்து வந்தது, கன்றுக்குட்டி வருவதுபோல. பின்னாளில் இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாதான் கயிறு கட்டி இழுத்தார் என்று எலிசெயோ சொல்வார். அது பொய். கயிறும் இல்லை, கையும் படவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

மேலே சமதரையில் லாரி நின்றபோது சாக்கு முழுதாக நழுவி விழுந்தது. மஞ்சளும் சிவப்புமாகக் கொடி சுற்றி, எழுத்து பளிச்சென்று இருந்தது.

"சுனினோவும் மகளும்."

சாமியார் வாளியோடு வந்து லாரியின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு எந்தப் பக்கம் தெளிக்கிறது?"

"வர்ற பக்கம் தெளிங்க சாமி," என்றார் எலிசெயோ. மேலே நடந்து வந்து சேர்ந்திருந்தார், மூச்சு வாங்கியபடி. கையில் சங்கிலி இல்லை, பொறுக்கிய ஆரஞ்சுகள் இருந்தன.

அப்பா பலகையின் முன் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்துக்கொண்டே இருந்தார். இரண்டு சொல்லைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"கடைசி எழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்கு," என்றார்.

"பனிக்காலம்பா. கை நடுங்கிச்சு."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்போ கீழ மூலையில பேரக் காணோம்?"

லாரியில் எழுதுபவர்கள் வலப்பக்கக் கீழ் மூலையில் தங்கள் பெயரும் தேதியும் இடுவார்கள். நில்டா அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். மேட்டில் ஏறாத லாரியில் பெயர் போட அவளுக்கு மனம் வரவில்லை. அதற்கு முன்பு அவள் எதிலும் கையெழுத்திட்டதில்லை. வீட்டுக்கு வரும் தாள்களிலெல்லாம் அப்பா இடுவார், இல்லையென்றால் நான்.

"வண்டி எனக்கா?" என்று கேட்டாள்.

"இந்த வீட்டு லாரியில எழுதினவங்க பேரு இல்லாம இருந்ததில்ல," என்றார் அப்பா. "போடு. நாளைக்கு அந்தக் கிரவுன ஒழுங்கா மாட்டு. நான் பெட்டியில சும்மா உக்காரப் போறதில்ல, வெளக்கு புடிக்கிறேன்."

இருக்கைக்கு அடியிலிருந்து தூரிகையை எடுத்தாள். டப்பாவின் அடியில் சிவப்புச் சாயம் கொஞ்சம் மீதி இருந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, லாரியின் பின்னால் மண்டியிட்டு, இந்த முறை ஓர் எழுத்துகூடச் சாயாமல் எழுதினாள்: நில்டா சுனினோ, 1971 ஜூலை 25.